எங்க செட்டு, உங்க செட்டு: தலைமுறை என்றால் என்ன?

மன்னார்குடியில் இருக்கும் அப்பாவுக்கு ஃபோன் செய்தால் பேச்சு நாற்பது நொடியைத் தாண்டாது. "சாப்ட்டியா? பசங்க நல்லா இருக்காங்களா? சரி, வெச்சிடறேன்." அன்லிமிடெட் பிளான்தான், மாதாமாதம் நானே ரீசார்ஜ் செய்கிறேன், ஒரு மணி நேரம் பேசினாலும் ஒரு பைசா கூடாது என்று எத்தனையோ தடவை சொல்லியாயிற்று, ம்ஹூம். 2009-இல் பிறந்த என் மகனோ யாருக்கும் ஃபோனே செய்வதில்லை. நண்பனுக்கு மூன்று நிமிட வாய்ஸ் நோட் அனுப்புவான், அவன் பதிலுக்கு நான்கு நிமிடம் அனுப்புவான், ஆனால் நிஜமாகவே மணி அடித்துவிட்டால் யாருக்கோ உடம்பு முடியவில்லை போல என்று என் முகத்தைப் பார்ப்பான். நடுவில் நான். "இப்ப பேசலாமா?" என்று மெசேஜ் போட்டு, நீல டிக் விழுந்த பிறகு கூப்பிடுகிற ஆள்.

இதைத் தலைமுறை இடைவெளி என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம், நாம் எல்லோரும் அப்படித்தான் முடிக்கிறோம். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வேறு வேறு சமாச்சாரங்கள் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்ப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை.

முதலில் சொல்லையே பார்ப்போம். தமிழில் தலைமுறை என்பது வம்சக் கணக்கு. தாத்தா ஒன்று, அப்பா ஒன்று, நான் ஒன்று. "ஏழு தலைமுறைக்கு உட்கார்ந்து சாப்பிடலாம்" என்பது அந்தக் கணக்கில் சொல்வது. என் சின்னச் சித்தி என்னைவிட நான்கு வயதுதான் மூத்தவள். வம்சக் கணக்கில் அம்மா தலைமுறை, ஆனால் வெள்ளிக்கிழமை ஒலியும் ஒளியும் பார்க்கப் பக்கத்துத் தெருவுக்கு ஓடியது, தட்டச்சு லோயர் பரீட்சைக்குப் பணம் கட்டியது, இதெல்லாம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். அவளையும் என்னையும் சேர்க்க இன்னொரு சொல் வேண்டும். பேச்சு வழக்கில் அது ஏற்கெனவே இருக்கிறது: செட்டு. "அவரு எங்க செட்டு", "அது வேற செட்டு, அவங்களுக்கு இதெல்லாம் தெரியாது." சமூகவியல்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதி விளக்குகிற சங்கதியை டீக்கடையில் ஒரே சொல்லில் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

எழுதி விளக்கியவர்களில் முக்கியமானவர் கார்ல் மன்ஹைம். ஹங்கேரியில் பிறந்து ஜெர்மனியில் பாடம் நடத்தியவர். 1928-இல் தலைமுறைகளைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார், இன்றைக்கும் இந்த விஷயத்தைப் பேசுகிறவர்கள் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். ஒரே ஆண்டில் பிறந்துவிட்டால் மட்டும் ஒரே தலைமுறை ஆகிவிட முடியாது, ஒரே நிகழ்வுகள் ஒரே பருவத்தில் வந்து தொட்டிருக்க வேண்டும் என்றார். அந்தப் பருவம் ஏறத்தாழ 17 வயதை ஒட்டியது, அதுவரை வீட்டில் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை சொந்தமாகக் கேள்வி கேட்க ஆரம்பிக்கும் வயது. வாசலுக்குப் புதிதாகச் சிமெண்ட் பூசிய அன்று தெருநாய் ஒன்று குறுக்கே நடந்து போனால் அந்தக் காலடி வீடு இருக்கும்வரை இருக்கும். மறுநாள் லாரியே ஏறினாலும் தடம் விழாது. கிட்டத்தட்ட அந்த மாதிரி.

சரி, இப்போது அந்த மூன்று.

ஒன்று, வயசு. காலேஜ் ஹாஸ்டலில் இரவு இரண்டு மணி வரை அரட்டை அடித்த நான், இப்போது ஒன்பதரைக்கே கொட்டாவி விடுகிறேன். இதில் எந்தத் தலைமுறையும் இல்லை, உடம்புதான். என் மகனும் நாற்பத்தைந்தில் இப்படித்தான் விடுவான். நான் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியை. "இந்தக் காலத்துப் பசங்களுக்கு மரியாதையே இல்லை" என்பது எங்கள் ஸ்டாஃப் ரூமில் வாரம் ஒரு முறையாவது கேட்கும் வசனம். இதே வசனத்தை எங்கள் பேட்ச்சைப் பார்த்து எங்கள் தமிழய்யா சொல்லி நான் கேட்டிருக்கிறேன், ராகம்கூட மாறவில்லை. (இளைஞர்கள் ஆடம்பரத்தில் திளைக்கிறார்கள், பெரியவர்களை மதிப்பதில்லை என்று சாக்ரடீஸ் சொன்னதாக ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது அல்லவா, அதை அவர் சொல்லவில்லை. பழைய கிரேக்கர்கள் இளைஞர்களைப் பற்றி என்னென்ன குறை சொன்னார்கள் என்று கென்னத் ஃப்ரீமன் என்ற கேம்பிரிட்ஜ் மாணவர் தன் ஆய்வில் சுருக்கி எழுதி 1907-இல் அச்சான வரிகள் அவை. பிற்பாடு யாரோ சாக்ரடீஸ் தலையில் கட்டிவிட்டார்கள்.)

இரண்டாவது, காலம். எல்லா வயதுக்காரர்களையும் ஒரே நேரத்தில் பிடித்து மாற்றுவது. 2016-இல் யுபிஐ வந்தது, அதே ஆண்டு நவம்பர் 8 இரவு ஐந்நூறும் ஆயிரமும் செல்லாமல் போயின, அப்புறம் கொரோனா. எங்கள் கடைத்தெருவில் பூ விற்கும் அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும், எழுத்துக் கூட்டிப் படிக்கவும் வராது, ஆனால் பூக்கூடை பக்கத்தில் அந்தச் சின்ன ஸ்பீக்கர் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. "இருபது ரூபாய் பெறப்பட்டது" என்று அது சொன்ன பிறகுதான் பூவைக் கையில் கொடுப்பார். இதைப் போய் இளைய தலைமுறையின் பழக்கம் என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும்.

மூன்றாவதுதான் செட்டு. சிமெண்ட் காய்வதற்குள் விழுந்த தடம், வயது ஏறினாலும் காலம் மாறினாலும் கூடவே வருவது.

சிக்கல் என்னவென்றால், இந்த மூன்றையும் கணக்குப் போட்டுச் சுத்தமாகப் பிரிக்கவே முடியாது. நடப்பு ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்தால் வயது. இரண்டு தெரிந்தால் மூன்றாவது தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். அறுபது வயதுக்காரர் சிக்கனமாக இருக்கிறார், இருபது வயதுப் பையன் செலவாளியாக இருக்கிறான் என்றால், அது வயதா, செட்டா? இன்று இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இன்றைய இருபதுக்காரனை, 1985-இல் இருபதாக இருந்த ஒருவனோடு ஒப்பிட வேண்டும். நாம் செய்வது எப்போதும் நேர்மாறு: இன்றைய பையனை இன்றைய நம்மோடு ஒப்பிடுகிறோம், நம் இருபது வயதை வசதியாக மறந்துவிடுகிறோம்.

இன்னொரு நுணுக்கம். ஒரே இடி எல்லார் தலையிலும் விழுந்தாலும் எந்த வயதில் விழுந்தது என்பதைப் பொறுத்து விளைவு மாறும். கிளென் எல்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் வளர்ந்த கலிஃபோர்னியாப் பிள்ளைகளை இப்படிப் பார்த்தார். ஓக்லண்டில் 1920-21-இல் பிறந்தவர்கள் ஒரு செட்டு, பெர்க்லியில் 1928-29-இல் பிறந்தவர்கள் ஒரு செட்டு, எட்டு வயதுதான் இடைவெளி. மூத்த செட்டுப் பையன்கள் பேப்பர் போட்டார்கள், கடை வேலைக்குப் போனார்கள், பெண்கள் வீட்டுப் பொறுப்பை ஏற்றார்கள். கஷ்டம் அவர்களைப் பெரும்பாலும் உடைக்கவில்லை. வேலை போன அப்பாவும் நொந்துபோன அம்மாவும் இருந்த வீட்டில் ஒன்றும் புரியாத குழந்தையாக இருந்த இளைய செட்டு, குறிப்பாக அதில் ஆண் பிள்ளைகள், அதிகமாக அடிபட்டார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் பள்ளிதான் நினைவுக்கு வந்தது. 2020 மார்ச்சில் பள்ளியை மூடினோம். அந்த ஆண்டு பத்தாம் வகுப்புக்குத் தேர்வு ரத்து. அடுத்த ஆண்டு அதே பிள்ளைகள் பிளஸ் ஒன், அதுவும் ஆல் பாஸ். ஆக அவர்கள் வாழ்க்கையில் எழுதிய முதல் பொதுத்தேர்வே 2022 மே மாதம் எழுதிய பிளஸ் டூ. நான் ஹாலில் கண்காணிப்புக்கு நின்றேன். ஒரு மணி நேரம் போவதற்குள் ஒரு பையன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு விரல்களை நீவிவிட்டுக்கொண்டிருந்தான். "கை வலிக்குது மிஸ்," என்றான். மூன்று மணி நேரம் தொடர்ந்து எழுதி இரண்டரை வருஷம் ஆகியிருந்தது அவனுக்கு. பரீட்சை என்றால் உயிர் போகிற பயம் எங்களுக்கெல்லாம் உண்டு. இந்தச் செட்டிடம் நான் பார்த்தது வேறு, எதற்குத் தயாராக வேண்டும், கடைசி நேரத்தில் எப்படியும் மாற்றிவிடுவார்கள் என்ற ஒரு நம்பிக்கையின்மை. அதைத் திமிர் என்று சொன்ன சக ஆசிரியர்கள் உண்டு. கண்ணெதிரே இரண்டு முறை விதி மாறியதைப் பார்த்த பிள்ளைக்கு விதி மேல் எங்கிருந்து பக்தி வரும்?

அதே சமயம் 2020 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை, ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பரில் திறந்தபோது நேராக இரண்டாம் வகுப்பு பெஞ்சில் வந்து உட்கார்ந்தது. வரிசையில் நிற்பது, பக்கத்துப் பிள்ளையிடம் ரப்பர் கேட்பது எதுவும் தெரியாது. அந்தக் குழந்தைகள் பதினேழுக்கு வரும்போதுதான் அவர்கள் செட்டு எப்படிப்பட்டது என்று தெரியும், நான் அதற்குள் ஓய்வு பெற்றிருக்க மாட்டேன், பார்க்கலாம்.

ஒரு செட்டு என்றால் எல்லோரும் ஒரே மாதிரி யோசிப்பார்கள் என்பதும் தப்பு. மன்ஹைம் இதையும் சொல்லியிருக்கிறார். ஒரே தலைமுறைக்குள் எதிரெதிர் அணிகள் இருக்கும், எதைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள் என்பதுதான் அவர்களைச் சேர்த்துக் கட்டும். நமக்கு இதற்கு 1965-ஐவிட நல்ல உதாரணம் வேறில்லை. அரசியல் சட்டத்தில் குறித்த 15 ஆண்டுக் கெடு முடிந்து, ஜனவரி 26 அன்று இந்தி மட்டுமே ஆட்சிமொழி ஆகப்போகிறது என்று கல்லூரிகள் கொதித்தெழுந்த வருடம். கூடவே அரிசித் தட்டுப்பாடு. 1967 தேர்தலில் விருதுநகரில் காமராஜரையே தோற்கடித்தவர், அந்தப் போராட்டத்தின் மாணவர் தலைவர்களில் ஒருவரான பெ. சீனிவாசன். என் அப்பாவுக்கு அப்போது பதினைந்து. அவரும் அவருடைய நண்பர் ஒருவரும் இன்றைக்கும் திண்ணையில் உட்கார்ந்து அதைப் பேசுகிறார்கள். அப்பா அன்றும் இன்றும் உதயசூரியன். நண்பர் "பள்ளிக்கூடத்துல சோறு போட்ட மனுஷனைத் தோக்கடிச்சீங்களேடா" என்று ஆரம்பித்தால் அவ்வளவு சுலபத்தில் நிறுத்த மாட்டார். ஒத்துப்போகாத இரண்டு பேர், ஆனால் அச்சு அசலாக ஒரே செட்டு. அந்தச் சண்டைக்குள் எனக்கு நுழைய இடமே கிடையாது.

ஒரே ஆண்டு, ஒரே மொழி, ஆனால் வேறு செட்டு என்பதும் உண்டு. 1965-இல் மதுரையில் பிறந்த ஒருவருக்கும் யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவருக்கும் 1983-இல் பதினெட்டு வயது. ஜூன் 25-ஆம் தேதி கபில்தேவ் கோப்பையை வாங்கினார், அது மதுரைக்காரருக்கு 1983. அடுத்த மாதமே இலங்கையில் கறுப்பு ஜூலை. அதற்கு முன்பே தமிழ் மாணவர்களிடம் கூடுதல் மதிப்பெண் கேட்ட தரப்படுத்தலால் பல்கலைக்கழகக் கதவு குறுகியிருந்தது, 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்திருந்தது. மதுரைக்காரரும் ஊர்வலத்தில் போயிருக்கலாம், கோஷம் போட்டிருக்கலாம், ஆனால் ஊர்வலம் முடிந்ததும் தன் வீட்டுக்குத் திரும்பினார். மற்றவருக்கு எந்த நாட்டில் மீதி வாழ்க்கை என்பதே அந்த ஆண்டில் கேள்வியாகிவிட்டது. பிறந்த வருடத்தை வைத்து இருவருக்கும் ஒரே பட்டம் கட்டினால் என்ன அர்த்தம்?

பட்டம் என்றதும் பூமர், மில்லினியல், ஜென் இசட் எல்லாம் வந்துவிடும். பூமர் என்பது இரண்டாம் உலகப் போர் முடிந்து அமெரிக்காவில் பிறப்பு எகிறிய 1946 முதல் 1964 வரையிலான கணக்கு. மில்லினியல் 1981 முதல் 1996 வரை என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் கோடு போட்டது. அந்தப் பியூவே 2023-இல் இந்தப் பட்டங்களை இனிமேல் அளவோடுதான் பயன்படுத்துவோம் என்று பின்வாங்கியது. நம் ஊரில் முப்பத்திரண்டு வயதுக்காரர் ஏதாவது புத்திமதி சொன்னால்கூட "பூமர் அங்கிள்" ஆகிவிடுகிறார், அது வசவு, அதற்கும் பிறந்த ஆண்டுக்கும் சம்பந்தமில்லை, வசவு என்ற அளவில் எனக்கும் பிடித்திருக்கிறது. மற்றபடி அமெரிக்கக் காலண்டரை எடுத்து நம் வீட்டுச் சுவரில் மாட்ட வேண்டிய அவசியம் தெரியவில்லை. நம் காலண்டரில் வேறு தேதிகள் இருக்கின்றன.

ஒரு தேதி சொல்கிறேன்: 2003 ஏப்ரல் 1. தமிழ்நாடு அரசுப் பணியில் அன்றோ அதற்குப் பின்னோ சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை, பங்களிப்பு ஓய்வூதியம்தான் என்று ஆனது. எங்கள் ஸ்டாஃப் ரூமில் 1999-இல் சேர்ந்த கணக்கு வாத்தியாரும் 2006-இல் சேர்ந்த இயற்பியல் வாத்தியாரும் அடுத்தடுத்த நாற்காலி. முன்னவர் சனிக்கிழமையானால் கோயில், குளம், யாராவது கேட்டால் கைமாற்று. பின்னவர் இடைவேளையில் செல்போனில் எஸ்ஐபி (மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போடும் பணம்) பார்ப்பார், புறவழிச் சாலையில் மனை விலை விசாரிப்பார், வீட்டில் டியூஷன் எடுப்பார். "காசு காசுன்னு பறக்கிறாங்கப்பா இந்தக் காலத்து ஆளுங்க" என்று பெரியவர் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும், இரண்டு பேருக்கும் ஆறு வயதுகூட வித்தியாசம் இல்லை. கடைசிச் சம்பளத்தில் பாதி சாகும்வரை வரும் என்ற நம்பிக்கையில் முப்பது வயதைக் கழித்தவருக்குத் தாராளம் சுபாவமாகவே படிந்துவிட்டது. மாதம் பத்து சதவீதம் பிடித்தம் போய், முடிவில் என்ன கைக்கு வரும் என்று தெரியாமல் கழித்தவருக்குக் கணக்கு சுபாவமாகிவிட்டது. குணம் என்று நாம் நினைப்பதில் பாதி அரசாணை.

இதைவிடக் கூர்மையான தேதி 1989 மார்ச் 25. இந்து வாரிசுரிமையில் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம் அன்று நடைமுறைக்கு வந்தது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு, ஆனால் அந்தத் தேதிக்கு முன் கல்யாணம் ஆன மகளுக்குக் கிடையாது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அக்காவுக்கு 1987-இல் கல்யாணம், தங்கைக்கு 1991-இல். ஒரே அப்பா, ஒரே வயல். தங்கைக்குச் சட்டப்படி பங்கு உண்டு, அக்காவுக்கு இல்லை. 2005-இல் மத்திய அரசும் சட்டத்தைத் திருத்தி அந்தக் கல்யாணக் கோட்டை அழித்துவிட்டது. அந்த வீட்டில் சொத்தை அதுவரை பிரிக்கவில்லை, ஆகவே அக்காவும் கேட்டிருக்கலாம். அவர் கேட்கவில்லை. விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, "தம்பி வீட்டுல பொங்கல் சீர் வந்தா போதும், நாளைக்குப் பொறந்த வீடுன்னு போய் நிக்கணும்ல" என்றார். தங்கை, "எனக்குச் சீரும் வேணும், பங்கும் வேணும்," என்றார். தம்பி பொண்டாட்டி தங்கையைப் பேராசைக்காரி என்று ஊரெல்லாம் சொன்னது தனிக் கதை.

இருவரில் யார் நல்லவர் என்று நான் கேட்கப் போவதில்லை. அக்கா கல்யாணமாகிப் போனபோது பிறந்த வீட்டுக் கதவைத் திறந்து வைத்திருக்க அவரிடம் இருந்த ஒரே சாவி தம்பியின் பிரியம். தங்கையிடம் இரண்டு சாவி இருந்தது. நான்கு வருட இடைவெளியில் ஒரே வீட்டுக்குள் "விட்டுக்கொடுப்பது" என்ற சொல்லுக்கே அர்த்தம் மாறிவிட்டது. பின்னால் சட்டம் அக்காவுக்கும் சாவியை நீட்டியபோது அவருக்கு அதை வாங்கும் கை பழகியிருக்கவில்லை. விழுமியம், மதிப்பீடு என்று நாம் கனமாகச் சொல்வது பல நேரங்களில் இப்படித்தான் உருவாகிறது, அந்த வயதில் அந்த ஆளிடம் வேறு வழி இருந்ததா இல்லையா என்பதிலிருந்து.

அதனால் யாரையாவது புரிந்துகொள்ள வேண்டுமென்றால் பிறந்த வருடத்தைக் கேட்டு ஒன்றும் ஆகாது. பதினைந்திலிருந்து இருபத்தைந்து வரை எங்கே இருந்தீர்கள், வீட்டில் எது பற்றாக்குறை, எது தாராளம், எதற்கெல்லாம் யாரிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது என்று கேட்கலாம். கேட்டால் நாம் போட்டு வைத்த கணக்கு சில நேரம் கவிழும்.

என் கணக்கு கவிழ்ந்தது. அப்பா ஏன் நாற்பது நொடியில் ஃபோனை வைக்கிறார் என்பதற்கு நான் வருடக்கணக்காக ஒரு விளக்கம் வைத்திருந்தேன்: எஸ்டிடி மீட்டர். 1996 முதல் மூன்று வருடம் திருச்சியில் ஹாஸ்டலில் இருந்தேன். பூத்துக்குள் நின்று பேசும்போது தலைக்கு மேல் சிவப்பு எண்கள் ஓடும், இரவு கட்டணம் குறையும்வரை காத்திருந்து வரிசையில் நிற்போம். அந்தச் சிவப்பு எண் அப்பா மனதில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டேன். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது கேட்டும்விட்டேன்.

அப்பா சிரித்தார். "மீட்டர் உனக்குதானேம்மா ஓடிச்சு. நான் எங்க மீட்டரைப் பார்த்தேன்?" அப்போது எங்கள் வீட்டில் ஃபோன் இல்லை. எதிர்வீட்டு நம்பரைத்தான் பிபி நம்பர் என்று ஹாஸ்டலில் கொடுத்திருந்தோம். நான் கூப்பிட்டால் அங்கிருந்து சின்னப் பையன் ஓடிவந்து சொல்வான், அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு போவார், நான் ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அடிப்பேன். இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். அந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று மட்டும் நான் யோசித்ததில்லை.

"ஹால்ல அவங்க குடும்பமே உக்காந்து சாப்பிட்டுட்டு இருக்கும். நான் போனதும் டிவி சவுண்டைக் குறைப்பாங்க. எல்லாரும் என்னையே பாப்பாங்க. அங்க நின்னுக்கிட்டு எவ்வளவு நேரம்மா பேசறது?"